நைனா வாங்கி வந்த கடல்பாசி

பித்தளைத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சரோஜா அக்கா சமையலறை வாசலில் நின்றாள். அவள் மூச்சு விட்டால்கூடத் தாம்பாளத்தில் இருந்த துண்டுகள் எல்லாம் அசைந்தன. அடியில் வெல்லத்தின் பழுப்பு, மேலே தேங்காய்ப்பாலின் வெள்ளை, இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு துண்டிலும் ஒரு பன்னீர் ரோஜா இதழ்.

கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டே மேலே பார்க்கும் வித்தையைப் பழகிக்கொண்டிருந்தான். அவன் அம்மா மட்டும் நேராக நிமிர்ந்து அக்காவையும் தாம்பாளத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். எங்கள் நைனா தூணோரமாக உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் ஏரிக்கரை உடைந்த மழையில் உங்களை நனையவிட்டுப் போனேன். ஏரி அங்கேயே இருக்கட்டும். இரண்டு நாளுக்கு முன்பு பக்கத்து வீட்டுப் பெண் கரடிக்குட்டி வடிவத்தில் சிவப்பு ஜெல்லி செய்து கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கையில் வாங்கியதிலிருந்து எனக்கு வேறு எதையும் எழுத ஓடவில்லை. ஜெல்லியில் என்ன கதை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் அதில்தான் நின்றுபோனது.

கிணற்றில் இறங்கிய ஜெல்லி

எங்கள் ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் இடையில். அம்மா எனக்கு நினைவு தெரிந்த கொஞ்ச காலத்திலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு அடுப்பங்கரை அக்காவின் ராஜ்யம். நைனாவுக்கு நிலம், மாடு, ஊர் விவகாரம். எனக்கு அக்காவின் பின்னால் சுற்றுவதும் அவள் செய்ததைத் தின்பதும்.

பெரியப்பா மகன் பட்டணத்தில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தார். ஒரு கோடையில் வந்தபோது ஆங்கில எழுத்துப் போட்ட ஒரு தகர டப்பாவை அக்காவிடம் கொடுத்தார். உள்ளே பொன் நிறத்தில் தூள். வெந்நீரில் கரைத்துச் சர்க்கரை போட்டு வைத்தால் தானாக உறைந்து கண்ணாடி மாதிரி நிற்கும், துரைமார் சாப்பாடு முடிந்ததும் தின்பார்கள் என்றார். ஐஸ் பெட்டி வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

அக்கா கரைத்து வைத்தாள். பொழுது சாய்ந்தும் அது தண்ணீராகவே இருந்தது. எங்கள் ஊர் வெயிலில் தேங்காய் எண்ணெயே உறையாது, இதுவா உறையப்போகிறது. அவள் விடவில்லை. தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி மூடி, வாளியில் வைத்து, கயிறு கட்டிக் கிணற்றுத் தண்ணீரில் கழுத்தளவுக்கு இறக்கினாள். மறுநாள் விடிந்ததும் இழுத்துப் பார்த்தால் நிஜமாகவே உறைந்திருந்தது. தெருவுக்கெல்லாம் சொல்லியனுப்பினோம். எல்லோரும் வந்து சேர்வதற்குள் அது மறுபடி தண்ணீராகிவிட, வந்தவர்கள் தம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அண்ணன் அடுத்த தடவை வந்தபோது, அந்தத் தூள் எலும்பும் தோலும் காய்ச்சி எடுப்பது என்று சாவகாசமாகச் சொன்னார். அக்கா மீதி இருந்ததை எருக்குழியில் கொட்டினாள். டப்பாவைக் கொட்டவில்லை. இறுக்கமான மூடி போட்ட டப்பாவைத் தூக்கிப் போடுகிற வீடு எங்கள் பக்கத்தில் அப்போது கிடையாது. சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, அதில் கடுகு கொட்டி வைத்தாள்.

பாசி வந்தது

அண்ணன்தான் இன்னொரு வழியும் சொன்னார். கடல்பாசி என்று ஒன்று உண்டு, அதற்கு ஐஸ் வேண்டாம், எலும்பும் இல்லை, கடலில் விளைவது, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் என்றார்.

நைனா சந்தைக்குப் போனபோது வாங்கி வந்தார். அதை நான் மறக்கவே மாட்டேன். காய்ந்து வெளுத்த நார் போல ஒரு கட்டு. அதை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இது இன்னாடி, மாட்டுக்குப் போடறதா மனுஷன் துன்றதா?" என்று கேட்டார். அன்றைக்கு வீடே சிரித்தது. அதற்குப் பிறகு தீரத் தீர அவர்தான் வாங்கி வருவார். கடைக்காரரிடம் "மாட்டுத் தீனி கொடு" என்றே கேட்பாராம்.

அக்காவின் கை அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. பாசியை ஊறவைத்து, முழுதும் கரையும் வரை கைவிடாமல் கிண்டி, வடிகட்டுவாள். சாத்துக்குடியைப் பாதியாக அறுத்துச் சுளையை எடுத்துவிட்டு, அந்தத் தோல் கிண்ணத்தில் சாறு கலந்த பாசியை ஊற்றி, உறைந்ததும் கீற்றுக் கீற்றாக அறுப்பாள். பார்த்தால் பழம், கடித்தால் ஜெல்லி. குழிப்பணியாரச் சட்டியில் மாம்பழக் கூழ் கலந்து ஊற்றினால் மஞ்சள் உருண்டை உருண்டையாக வரும். பிஞ்சு நுங்கை முழுதாக உள்ளே போட்டு இளநீரில் உறையவைப்பாள். இளநீர் ஓட்டிலேயே ஊற்றி, உறைந்ததும் ஓட்டோடு உடைத்துக் கொடுப்பாள்.

சங்குப்பூவைக் கொதிக்கவைத்த நீலத் தண்ணீரில் பாசி கலந்து, நம் கண் முன்னாலேயே எலுமிச்சை பிழிவாள். நீலம் ஊதாவாக மாறும். தெருப் பிள்ளைகள் அதற்காகவே வந்து உட்கார்ந்திருக்கும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு அக்காவின் சட்டங்களைச் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சையை அடுப்பில் இருக்கும்போது பிழியக்கூடாது, பாசி உறையாமல் போகும். இறக்கின பிறகு பிழியுங்கள். பாலைக் குளிர்ச்சியாக ஊற்றக்கூடாது, கட்டி கட்டியாகும். இரண்டு நிறம் வேண்டுமென்றால் கீழ் அடுக்கு அரைகுறையாக உறைந்து, விரல் வைத்தால் ஒட்டுகிற பதத்தில் மேல் அடுக்கைச் சூடாக ஊற்றிவிட வேண்டும். முழுக்க இறுகிய பிறகு ஊற்றினால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது.

கோடு

அப்போது எல்லைப் பேச்சு எங்கள் பக்கத்தில் சோறு தண்ணீர் மாதிரி. ஆந்திரா தனி ராஜ்யமாகப் போனபோது சித்தூர் ஜில்லாவும் கூடவே போனது. நாங்கள் வீட்டில் தமிழ், தாலூக்கா ஆபீசில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். அதில் யாருக்கும் நாக்கு சுளுக்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது பெரிய வழக்காகிவிட்டது.

நைனா ஊர்வலம் போனார், கோஷம் போட்டார், தொண்டை கட்டிக்கொண்டு வந்து மிளகுக் கஷாயம் குடித்தார். எங்கள் ஊரும் திருத்தணியும் சேர்ந்தே மதராஸ் பக்கம் போகும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் திருத்தணிப் பக்கத்து வரனுக்குச் சம்மதம் சொன்னார். கரும்புக் கொல்லை, சொந்தக் கிணறு, ஒரே பையன். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஏறினால் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்விடலாம்.

அவர்கள் பெண் பார்க்க வரவிருந்த வாரத்தில் சேதி வந்தது. திருத்தணி அந்தப் பக்கம், மதராசோடு போகிறது. நகரியும் புத்தூரும் இந்தப் பக்கமே, ஆந்திராவிலேயே நிற்கின்றன.

திருத்தணியாவது கிடைத்ததே என்று ஊரில் பலர் சொன்னார்கள். நைனா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். அதோடு புரளிகள் வேறு கிளம்பின. எல்லையில் ரோட்டை மறித்து இரும்புக் கேட்டுப் போடுவார்களாம். அரிசி ஒரு படிகூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகக்கூடாதாம். கட்டிக் கொடுத்த பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு வரவே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமாம். நைனா ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்திடம் போய்க் கேட்டார். கர்ணம் "எவரிகி தெலுசு" என்று கையை விரித்துவிட்டார். அவருக்கே தெரியாதென்றால் அது மோசமாகத்தான் இருக்கும் என்று நைனா முடிவு கட்டிக்கொண்டார்.

ஆனாலும் வரவேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லியனுப்ப அவருக்கு வாய் வரவில்லை. வார்த்தை கொடுத்தாகிவிட்டது.

இரண்டாவது துண்டு

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தால் பெண் தன் கையால் செய்த இனிப்பைப் பையனின் அம்மா முதலில் ருசி பார்ப்பார். வாயால் சம்மதம் கேட்பதில்லை. அந்த அம்மா இரண்டாவது தடவை கேட்டு வாங்கினால் முடிந்தது என்று அர்த்தம். அதற்காகவே பெண் வீட்டார் கேசரியில் நெய்யைக் கொட்டுவார்கள். அக்கா கேசரி கிண்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தன் கைக்கு எது வருமோ அதைத்தான் செய்வேன் என்றாள்.

அந்த அம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். தொண்டையில் தானாக இறங்கிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். பிறகு கையை நீட்டி இன்னொன்று கேட்டார். அக்கா குனிந்து வைத்தபோது அவள் காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். பையன், இந்த இதழை எப்படி உள்ளே நுழைத்தீர்கள் என்று அக்காவைப் பார்த்தே கேட்டுவிட்டான். கேட்ட பிறகு வெட்கப்பட்டான்.

அந்த நேரத்தில் பையனின் தாய்மாமன் கை கழுவக் கொல்லைப்புறம் போய்விட்டு, அடுப்பங்கரை வழியாக உள்ளே வந்தார். பட்டணத்தில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டராக இருந்தவர், ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர். கெட்ட மனுஷர் என்று அவரை நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். வந்ததும் தன் அக்காவான அந்த அம்மாவிடம் சொன்னார்:

"அக்கா, அத கீழ வெய்யி. எலும்புல செய்யற சரக்கு அது. உள்ள டப்பாவ பார்த்துட்டுதான் சொல்றேன்."

அந்த அம்மா துண்டைத் தட்டில் வைத்துவிட்டார். பையன் விஷக்காய்ச்சலில் பிழைத்தெழுந்ததிலிருந்து ஏழுமலையானுக்கு நேர்ந்துகொண்டு அவர் கவுச்சியைத் தொடுவதில்லை. மலையில் மகன் கல்யாணம் முடியும்வரை அந்த நேர்த்தி. எங்களுக்கும் அது தெரியும்.

அது கடல்பாசி, டப்பாவில் கடுகுதான் இருக்கிறது என்று அக்கா கதவோரமிருந்து சொன்னாள். நான் உள்ளே ஓடி டப்பாவைத் தூக்கி வந்து எல்லோர் முன்னாலும் கவிழ்த்தேன். கடுகு கூடம் முழுக்க உருண்டது. பாசியை நைனாதான் சந்தையில் வாங்கி வந்தார் என்றும் சொன்னேன்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்தார்.

"பசங்க சொல்றது இருக்கட்டும். அண்ணா, நீங்க சொல்லுங்க. உங்க வாயால ஒரு வார்த்த சொன்னா போதும்."

நைனா தரையில் கிடந்த கடுகையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுத் தீனி என்று சொல்லிச் சொல்லி வாங்கி வந்த மனுஷர். அந்தக் கட்டின் வாசனை அவர் தோள் துண்டில் இன்னும் இருந்திருக்கும்.

"அடுப்பங்கரை சமாச்சாரம் எனக்கு இன்னாம்மா தெரியும்," என்றார்.

அவர்கள் மரியாதையாகத்தான் எழுந்து போனார்கள். வெற்றிலையை மட்டும் தொடவில்லை. இரண்டாவது துண்டு தட்டிலேயே இருந்தது. அக்கா முறத்தை எடுத்துவந்து கடுகைக் கூட்டி அள்ளினாள். நான் சண்டை போடக் கிளம்பியபோது நைனா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பக்கம் போனா அவ்ளோதான்டி. திரும்ப வர வுட மாட்டானுங்க."

குப்பம் போகிற ரயில்

பிறகு கோடு வந்தது. வந்து என்ன ஆனது என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. அதே பஸ் ஓடியது. லாரிகளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். அரிசி மூட்டைக்குத்தான் கெடுபிடி, பெண்களுக்கு இல்லை. ரவிக்கைத் துணிக்கும் பூவுக்கும் சினிமாவுக்கும் நாங்கள் பாட்டுக்குத் திருத்தணிக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். முதல் தடவை அப்படிப் போய் வந்த அன்று நைனாவிடம் வேண்டுமென்றே சொன்னேன், எல்லையில் கேட்டு ஒன்றையும் காணோமே என்று. அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அக்காவுக்கு அவர் தேடிப் பிடித்த மாப்பிள்ளை குப்பத்தில் இருந்தார். அதே ஜில்லா, அதே ராஜ்யம், கோடு கீடு ஒன்றும் குறுக்கே இல்லை என்று நைனா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அத்தான் நல்லவர்தான், குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் குப்பம் ஜில்லாவின் அந்தக் கோடி. புத்தூரில் ரயில் ஏறினால் அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை என்று மதராஸ் ராஜ்யத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டு ஒரு முழுப் பகல் போக வேண்டும். அந்த ரயில் திருத்தணி வழியாகத்தான் போகிறது. பெண்ணை அந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன் என்ற மனுஷர், ஒவ்வொரு தடவையும் அந்த ஊரைக் கடந்தே அவளை அனுப்பிவைத்தார்.

கூடப் போனபோது கவனித்திருக்கிறேன். திருத்தணி ஸ்டேஷன் வந்தால் அக்கா ஜன்னலை விட்டு எழுந்து, மேல் பலகையில் கூஜாவைத் தேடுவாள். வண்டி கிளம்பின பிறகுதான் கூஜா கிடைக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாள், சில வருஷம் அதுவும் இல்லை. பாசியைத் தொடவே இல்லை. நைனாவும் மாட்டுத் தீனி வாங்குவதை விட்டுவிட்டார்.

வெகு காலம் கழித்து நைனாவுக்குத் தொண்டையில் நோய் வந்தது. சோறு இறங்கவில்லை, கஞ்சியும் எரிந்தது. அப்போது அவர் என்னிடம் கேட்டது ஜெல்லியை. என் கையால் செய்ததை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, இது இல்லை என்று தலையாட்டினார். அக்கா குப்பத்திலிருந்து வந்தாள். வெல்லமும் தேங்காய்ப்பாலும் போட்டு அன்றைக்குச் செய்தது போலவே செய்தாள். இதழ் மட்டும் இல்லை. ஸ்பூனால் வெட்டி அவர் வாயருகே கொண்டுபோனபோது அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பாசிய நான்தான் வாங்கியாந்தேன், சரோஜா."

"தெரியும் நைனா. வாயத் தொற."

அவர் திறந்தார். அவ்வளவுதான் அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியது. அந்தப் பொங்கலுக்கு அவர் இல்லை.

ஆடிக் கிருத்திகை

அதற்கடுத்த ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குப் போயிருந்தேன். பூக்காவடிக் கூட்டம் கொஞ்சம் குறையட்டும் என்று குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு முதிய பெண்மணி என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அருகில் வந்து உட்கார்ந்து, நீ சரோஜா தங்கச்சி இல்லையா என்று கேட்டார். முகச்சாடை காட்டிக்கொடுத்துவிட்டது. அன்றைக்குப் பெண் பார்க்க வந்த பையனின் அம்மா அவர்.

அக்காவைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். எங்கே கொடுத்தீர்கள், எத்தனை பிள்ளைகள், உடம்பு எப்படி என்று எல்லாம் கேட்டார். தன் மகனுக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் பெரிதாகிவிட்டதாகச் சொன்னார். எனக்கு இத்தனை வருஷமாக நெஞ்சில் நின்றது வெளியே வந்துவிட்டது. அன்றைக்கு உங்கள் நேர்த்தி கெடவில்லை, அது சத்தியமாகப் பாசிதான் என்றேன்.

"தெரியும் கண்ணு," என்றார் அவர். "நோம்பு மாசத்துல பக்கத்து வூட்டு பாயம்மா தட்டு தட்டா பாசி குடுத்தனுப்புவாங்க. நாக்குல வெச்சதுமே தெரிஞ்சிக்கினேன்."

அப்படியானால் நைனாவை ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்றேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது.

"நான் பாசியப் பத்தியா கேட்டேன்? கோடு போட்டுட்டாங்க. உள்ள வந்ததுல இருந்து உங்க நைனா மொகம் தெளியவே இல்ல. பொண்ணு குடுக்க மனசு கீதா இல்லயான்னு சபையில எப்படிக் கேக்கறது? என் தம்பி அந்தப் பேச்ச எடுத்தான், அத சாக்கா வெச்சிக் கேட்டேன். அவரு சொல்லிட்டாரு."

எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று தெரியவில்லை. நைனா மேல் இருந்த கோபம் தீரவில்லை, இன்றைக்கும் தீரவில்லை. ஆனால் அன்றைக்கு இந்த அம்மாள் நேராகக் கேட்டிருந்தால், நைனாவும் தன் பயத்தை நேராகச் சொல்லியிருப்பாரே. எல்லையில் கேட்டாவது சீட்டாவது என்று இந்த அம்மாளும் சிரித்திருப்பாரே. தமிழுக்காகத் தெருவில் நின்று தொண்டை கட்டக் கத்திய மனுஷருக்கு, தன் வீட்டுக் கூடத்தில் ஒரு வார்த்தை தமிழ் பேச வரவில்லை.

ஊருக்குத் திரும்பாமல் நேராகக் குப்பத்துக்கு ரயில் ஏறினேன். நைனாவுக்குச் செய்து கொடுத்ததிலிருந்து அக்கா மறுபடி பாசி கிண்டத் தொடங்கியிருந்தாள். நான் போனபோது வெல்ல அடுக்கைத் தட்டில் ஊற்றிவிட்டு, தேங்காய்ப்பாலை என்னிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டே குளத்துப் படியில் கேட்டதை எல்லாம் சொன்னேன்.

அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ரெண்டாவது துண்டு கேட்டாங்களே, நெனப்பு கீதா?" என்றாள். இருக்கிறது என்றேன்.

"ஊத்துடி தனம். கீழ இறுகிடப்போவுது."

ஊற்றினேன். நேரம் கடந்திருந்தது. மறுநாள் வெட்டியபோது வெள்ளையும் பழுப்பும் தனித்தனியாகக் கழன்றன. அக்கா இரண்டையும் ஒரே தட்டில் வைத்து என்னிடம் நீட்டினாள்.